வேலைக்கு வந்தவருக்கு ஓர் இருக்கை: சிங்கப்பூரின் பொது நூலகங்கள் குறித்து ஒரு மதிப்புரை

சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவருக்கு முதல் சில வாரங்களில் ஆக வேண்டிய காரியங்கள் எல்லாம் வேகமாகவே ஆகிவிடுகின்றன. வங்கிக் கணக்கு, கைப்பேசி எண், வாடகை அறை, ரயிலுக்கும் பேருந்துக்குமான அட்டை என்று ஒவ்வொன்றும் முறைப்படி நடந்து முடிகிறது. அதன் பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கே போய் உட்காருவது என்ற கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. தனியாக வருகிறவருக்குக் கிடைக்கும் அறை பெரும்பாலும் இன்னொரு குடும்பத்தின் வீட்டுக்குள் இருக்கும் அறை. சமைப்பதற்கு ஒரு நேரம், துணி துவைப்பதற்கு ஒரு நாள் என்று விதிகள் உள்ள இடத்தில் மனம் விட்டுக் கால் நீட்டிப் படுக்க முடிவதில்லை. கடைத்தொகுதிகளில் எவ்வளவு நேரம் நடந்தாலும் எதையாவது வாங்குகிறவராகத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் ஊழியர், வீட்டில் வாடகைக்காரர், வெளியில் வாடிக்கையாளர் என்ற இந்த மூன்று வேடங்களுக்கும் அப்பால், இந்த ஊரில் வசிக்கும் ஒரு மனிதர் என்ற அளவிலேயே ஒருவரை ஏற்றுக்கொள்ளும் இடம் ஒன்று தேவைப்படுகிறது. தேசிய நூலக வாரியத்தின் நூலகங்கள் அந்தத் தேவையை எந்த அளவுக்கு நிறைவு செய்கின்றன என்பதை, புத்தகம் படிக்கிறவர் என்ற நிலையோடு, பிழைப்புக்காக இங்கே வந்தவர் என்ற நிலையிலிருந்தும் எழுத விரும்புகிறேன். இந்நாட்டில் நான் பயன்படுத்தும் பொதுச் சேவைகளில் என்னை இங்கே வேரூன்ற வைத்தது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம், இந்தச் சேவை மிகவும் தேவைப்படுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு அது இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

1995ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட வாரியத்தின் கீழ் இன்று இருபதுக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இயங்குகின்றன. தெம்பனிஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ், பொங்கோல் ஆகிய இடங்களில் இருப்பவை பல தளங்கள் கொண்ட பெரிய வட்டார நூலகங்கள். ஆர்ச்சர்ட், ஹார்பர்ஃபிரண்ட் போன்ற இடங்களில் கடைத்தொகுதிக்குள்ளேயே கிளைகள் அமைந்திருக்கின்றன. விக்டோரியா ஸ்திரீட்டில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பதினாறு மாடிக் கட்டடத்தில் தேசிய நூலகமும், அதன் அடித்தளத்தில் மத்திய பொது நூலகமும் உள்ளன. இவற்றில் எதற்குள்ளும் நுழைவதற்கோ, உட்கார்ந்து படிப்பதற்கோ உறுப்பினர் அட்டை தேவையில்லை. வாசலில் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை, எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்றும் கேட்பதில்லை. எங்கே போனாலும் வேலை அனுமதி அட்டையின் எண்ணைச் சொல்லியே பழகிவிட்ட ஒருவருக்கு, எதையும் காட்டாமல் உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார முடிகிறது என்பதே பெரிய ஆறுதல். பெரும்பாலான கிளைகள் இரவு ஒன்பது மணி வரை திறந்திருப்பதால், வேலை முடிந்து ரயிலில் இறங்கிய கையோடு ஒரு மணி நேரமாவது அங்கே கழிக்க முடிகிறது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்பதை இதற்கு அடுத்த சிறப்பாகச் சொல்வேன்.

இரவல் முறையின் எளிமையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 1998ஆம் ஆண்டிலேயே புக்கிட் பாத்தோக் நூலகத்தில் புத்தகத்தை வானலை வழியே அடையாளம் காட்டும் மின்னணுப் பட்டைகளை (RFID) புத்தகங்களில் பொருத்தி, உலகின் பிற நூலகங்களுக்கு முன்னோடியாக இருந்த அமைப்பு இது. இப்போது கைப்பேசிச் செயலியால் பட்டைக்கோட்டை வருடிவிட்டு நேரே வெளியேறலாம். இரவல் காலம் மூன்று வாரம். ஒரு கிளையில் எடுத்த புத்தகத்தை இன்னொரு கிளையின் வாசலில் உள்ள திரும்பச் செலுத்தும் பெட்டியில் போட்டுவிடலாம். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது வீடு மாறும்போதுதான் தெரியும். பேட்டை மாறினாலும் நூலகம் மாறுவதில்லை.

நான் விரிவாக எழுத நினைப்பது தமிழ் அடுக்குகளைப் பற்றி. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பதால், தமிழ்ப் புத்தகங்கள் இங்கே அயல்மொழிப் பிரிவு என்ற மூலையில் ஒதுக்கப்படாமல், சீன, மலாய், ஆங்கிலப் புத்தகங்களோடு உரிமையுடன் நிற்கின்றன. வேறு எந்த நாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தாலும் இந்த நிலை நமக்குக் கிடைப்பது அரிது. வட்டார நூலகங்களின் தமிழ் அடுக்குகளில் தமிழகத்து எழுத்தாளர்களும் இலங்கை எழுத்தாளர்களும், மலேசியாவையும் சிங்கப்பூரையும் சேர்ந்தவர்களும் ஒரே வரிசையில் அகரவரிசைப்படி இருக்கிறார்கள். தமிழகத்தில் வளர்ந்து, அங்கே பதிப்பிக்கப்பட்டவற்றை மட்டுமே படித்துவந்த ஒருவருக்கு இந்த வரிசையே ஒரு கல்வி. பிரபலமான ஒரு நாவலைத் தேடிப் போகும் கை, அதற்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய சிங்கப்பூர்ச் சிறுகதைத் தொகுப்பையும் சேர்த்து எடுத்துவருகிறது. அதில் வரும் அடுக்குமாடி வீட்டின் நீண்ட தாழ்வாரமும், கீழ்த்தளத்து வெற்றிடத்தில் நடக்கும் திருமணமும், அதிகாலை ஈரச்சந்தையும், நாம் தினமும் கடந்து போகும் பேருந்து நிலையமும் தமிழிலேயே எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும்போது, வெறும் வழித்தடமாக இருந்த ஊர் மனிதர்கள் வாழும் ஊராக மாறுகிறது. ஓர் ஊரில் பல ஆண்டுகள் குடியிருந்தும் கிடைக்காத நெருக்கம் அந்த ஊரைப் பற்றிய கதைகளைப் படிக்கும்போது கிடைத்துவிடும் என்று நான் நம்புகிறேன். ஆகவே, புதிதாக வருகிறவர்கள் பழகிய எழுத்தாளர்களையே தேடாமல், இவ்வூர்க்காரர்களின் புத்தகம் ஒன்றையும் முதல் தடவையே எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

விக்டோரியா ஸ்திரீட் கட்டடத்தின் ஏழாம் மாடியிலிருந்து பதின்மூன்றாம் மாடி வரை லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் பரந்திருக்கிறது. சீன, மலாய், தமிழ்த் தொகுப்புகள் ஒன்பதாம் மாடியிலும், சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு பதினொன்றாம் மாடியிலும் உள்ளன. இங்குள்ள நூல்களை அங்கேயே படிக்கலாம், வெளியே எடுத்துச் செல்ல முடியாது. அகன்ற சன்னல்களுக்கு அருகே மேசைகள் போடப்பட்டிருப்பதால், கீழே நகரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடியே படிக்கலாம்.

இந்த நூலகத்துக்குப் பெயர் தந்த லீ கொங் சியானின் கதையை இங்கே வருகிற ஒவ்வொரு வெளிநாட்டு ஊழியரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் 1893இல் பிறந்த அவர், 1903இல் சிறுவனாகச் சிங்கப்பூருக்கு வந்தவர். பின்னாளில் ரப்பர்த் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டினார். அக்காலத்தில், இன்றைய தேசிய நூலகத்தின் முன்னோடியான ராஃபிள்ஸ் நூலகம் சந்தா கட்டுகிறவர்களுக்கான, பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்களையே கொண்ட நூலகமாக இருந்தது. புதிய நூலகம் கட்ட 1953இல் அவர் 375,000 வெள்ளி தர முன்வந்தபோது, அது அனைவருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் தாய்மொழிகளையும் பண்பாடுகளையும் வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். 1957இல் அவரே அடிக்கல் நாட்ட, ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் செங்கல் கட்டடம் எழுந்து 1960இல் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் இன்றில்லை. சுரங்கச் சாலைக்காக 2004இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. இன்றைய நூலகத்துக்கும் அவருடைய அறநிறுவனம் 60 மில்லியன் வெள்ளி வழங்கியிருக்கிறது. பத்து வயதில் வேற்று நாட்டில் வந்திறங்கிய ஒருவர், தம் மொழிக்கு மட்டுமின்றி, தமக்குத் தெரியாத மொழிகளைப் பேசுகிறவர்களுக்கும் சேர்த்து யோசித்துப் பணம் கொடுத்திருக்கிறார் என்பதை எண்ணும்போது, அந்த ஒன்பதாம் மாடித் தமிழ் அடுக்குகளின் முன்னே விருந்தாளியாக நிற்கத் தோன்றுவதில்லை. நம்மைப் போல் வந்த ஒருவர் நமக்காகவும் சேர்த்து வைத்துவிட்டுப் போனது அது.

பழைய செய்தித்தாள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நூலகச் சேவையின் உச்சம் என்று நான் கருதுவது அதைத்தான். சி.கு. மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழ் 1890 வரை வெளிவந்தது. கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ 1935இல் தொடங்கி இன்றும் நாளிதழாக வந்துகொண்டிருக்கிறது. இவற்றின் பழைய பக்கங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியை நூலக வாரியம் ஏற்படுத்தியிருக்கிறது. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ணை’யும் ‘லை’யும் தும்பிக்கை போல் வளைந்து நிற்கும் அந்தப் பக்கங்களில், மங்கிய மைக்கும் தாளின் மடிப்புக் கோடுகளுக்கும் நடுவே, நூறு ஆண்டுகளுக்கு முன்பு இவ்வூரில் வேலை பார்த்த தமிழர்களின் அன்றாடம் விரிகிறது. முதலில் கண் தடுமாறும். இரண்டு மூன்று பக்கங்கள் கடந்ததும் பழகிவிடும்.

சாரங்கபாணியே திருவாரூரில் பிறந்து, 1924இல் இங்கே வேலைக்கு வந்து கணக்கராகப் பணியாற்றியவர். அப்படி வந்தவர் நாளிதழ் நடத்தினார், தமிழர் திருநாளை முன்னெடுத்தார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டு மக்களிடம் நிதி திரட்டினார். 1950களில், இங்கேயே வாழும் தமிழர்கள் தயங்காமல் குடியுரிமை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று தொடர்ந்து வற்புறுத்தினார். ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்று நம்மில் பலர் இரவில் விளக்கை அணைத்த பிறகு யோசித்துக்கொண்டிருக்கும் கேள்வியை, அந்தத் தலைமுறை பத்திரிகையின் பக்கங்களில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறது. அதைப் படித்தால் நமக்கு உடனே விடை கிடைத்துவிடாது. ஆனால் அந்தக் கேள்வியோடு நாம் மட்டும் தனியாக இல்லை என்பது புரிகிறது, நமக்கு முன்னால் அதைக் கேட்டவர்கள் இந்த ஊரில் எதைச் செய்து காட்டினார்கள் என்பதும் தெரிகிறது. எனக்கு இந்த ஊரின் மீது உரிமை உணர்வு வந்ததற்கு, கிடைத்த சம்பளத்தை விட இந்தப் பக்கங்களே காரணம் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

வீட்டிலிருந்தே பயன்படுத்தக்கூடிய மின்னணுச் சேவையும் நன்றாகவே இருக்கிறது. செயலி வழியாகத் தமிழ் மின்னூல்களை இரவல் பெறலாம். இந்நாட்டின் பொன்விழாவை ஒட்டி, 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியப் படைப்புகளைத் தன்னார்வலர்களின் துணையோடு மின்னாக்கம் செய்து 2015இல் வெளியிட்டார்கள். பதிப்பில் இல்லாத, கடைகளில் எங்கும் கிடைக்காத நூல்கள் பல அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. ரயிலில் நின்றபடி கைப்பேசியில் படிக்க இது உதவும் என்றாலும், என்னைப் பொறுத்தவரை நூலகத்துக்கு நேரில் போய்வருவதற்கு இது ஈடாகாது.

நேரில் போவதால் கிடைப்பது மனிதர்கள். காலை நேரத்தில் செய்தித்தாள் பகுதியில் அமரும் மூத்தவர்கள் தமிழ் முரசை முதல் பக்கத்திலிருந்து இரங்கல் அறிவிப்புகள் வரை படிப்பார்கள். பக்கத்தில் அமர்ந்தவர் கையில் தமிழ்ப் புத்தகத்தைக் கண்டால், “தம்பிக்கு எந்த ஊரு? வந்து எவ்வளவு நாளாச்சு?” என்று தாழ்ந்த குரலில் விசாரிப்பார்கள். அப்படிப் பேசத் தொடங்கிய ஒரு பெரியவர், முன்பு ரயில்வேயில் வேலை பார்த்தவர், தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலாயாவுக்கு ரயில் புறப்பட்ட காலத்தைப் பற்றியும், அந்த வேலையாட்கள் குடியிருந்த வீடுகளைப் பற்றியும் எனக்கு விவரித்தார். நான் தினமும் அலுவலகம் போகும் வழியில் இருக்கிற இடம் அது. எனக்குத் தெரியாமலேயே அதன் மேல் நடந்து போய்க்கொண்டிருந்திருக்கிறேன். “ஐயா, இதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாதா?” என்று கேட்டதற்கு, “நீங்க எழுதுங்க தம்பி, நான் சொல்றேன்” என்றார். ஏப்ரல் மாதத்தில் நடைபெறும் தமிழ்மொழி விழாவின்போது நூலகங்களில் நடக்கும் உரைகள், கதை நேரங்கள், வாசிப்புச் சந்திப்புகள் ஆகியவற்றுக்குப் போனால், இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களும் வேலைக்கு வந்த நாமும் ஒரே வரிசையில் அமர்ந்து பேசும் வாய்ப்பு கிடைக்கிறது. அலுவலகமும் வாடகை வீடும் இந்த இரு சாராரையும் அவ்வளவு எளிதில் சேர்த்துவைப்பதில்லை.

குறைகளும் உண்டு. அவற்றுள் முதன்மையானது சந்தா. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பினர் உரிமை இலவசம். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டினர், புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டுமானால் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறவருக்கு அது பெரிய தொகை இல்லை. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்து, சம்பளத்தின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புகிறவருக்கும், வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கும் அது யோசித்துத்தான் செலவிட வேண்டிய தொகை. பொதுப் பணத்தில் நடக்கும் சேவையில் குடிமக்களுக்கு முன்னுரிமை இருப்பது நியாயம் என்பதை ஏற்கிறேன். ஆனால் இந்த நூலகம் எந்த நிபந்தனையின் மேல் எழுந்தது என்பதை நினைத்துப் பார்க்கும்போது, குறைந்த சம்பளத்தில் இருப்பவர்களுக்காவது சந்தாவிலிருந்து விலக்கு அளிப்பது அந்த நிபந்தனைக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும் என்று தோன்றுகிறது.

அடுத்தது பொது விடுமுறை நாட்கள். அந்நாட்களில் நூலகங்கள் மூடியிருக்கின்றன. நூலகப் பணியாளர்களுக்கும் ஓய்வு வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. என்றாலும், தீபாவளி அன்று குடும்பத்தைப் பிரிந்து தனியே இருக்கிறவருக்குப் போவதற்கு ஓர் இடம் தேவைப்படும் நாளும் அதுவே. சுழற்சி முறையில் ஒரே ஒரு கிளையையாவது திறந்து வைக்க வாரியம் யோசிக்கலாம். வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகள் பல தீவின் ஓரங்களில் இருக்கின்றன, நூலகங்களோ குடியிருப்புப் பேட்டைகளின் நடுவில் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் மட்டும் விடுப்பு உள்ளவருக்கு இந்தத் தொலைவே பெரிய தடை.

மற்றவை சிறியவை. கடைத்தொகுதிக் கிளைகளில் இடம் குறைவு, தமிழ் அடுக்குகளும் சிறியவை. அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் தமிழ்த் தொகுப்பே இவ்வளவுதான் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. தேர்வுக் காலங்களில் மாணவர்கள் காலையிலேயே வந்து மேசைகளைப் பிடித்துவிடுவதால் மதியத்துக்குமேல் இருக்கை கிடைப்பது கடினம். மின்னாக்கம் செய்யப்பட்ட நாளிதழ்களில் பழையவற்றை எங்கிருந்தும் படிக்கலாம் என்றாலும், பிற்காலத்தவை சிலவற்றை நூலகக் கணினிகளில் மட்டுமே பார்க்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்கவும் நண்பர்களைப் பார்க்கவும் வருகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். டவுன்டவுன் ரயில் தடத்தில் அங்கிருந்து இரண்டாவது நிலையம் பூகிஸ். அங்கே இறங்கினால் சில நிமிட நடையில் தேசிய நூலகம் வந்துவிடும். முதல் தடவை போகும்போது அடித்தளத்து மத்திய பொது நூலகத்தைப் பார்த்துவிட்டு, நேரே மின்தூக்கியில் ஒன்பதாம் மாடிக்குச் செல்லுங்கள். அடுக்குகளைச் சுற்றிப் பார்த்த பிறகு, பணியாளரிடம் பழைய தமிழ்ச் செய்தித்தாள்களைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கணினியில் எப்படித் தேடுவது, எந்த ஆண்டின் பக்கங்கள் எங்கே கிடைக்கும் என்பதை அவர்கள் காட்டிக்கொடுப்பார்கள். கையில் சாமான் பைகள் இருந்தால் தயங்க வேண்டாம். சந்தா கட்டி உறுப்பினராவதை இரண்டாம் தடவைக்குத் தள்ளிவைக்கலாம், முதல் நாளில் இரண்டு மணி நேரத்தை மட்டும் ஒதுக்கிக்கொண்டு போனால் போதும்.